பூட்டியிருந்த தெர்மோஸ்டாட்

அத்தியாயம் 5

பெவர்லி சல்மேலாவின் இரண்டு பெட்டிகளும் வாசல் கதவருகே தயாராக நின்றிருந்தன. பெரிய பெட்டியின் மேல் ஒரு வைக்கோல் தொப்பி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி, ஏரிக்காற்று வேறு.

"தொப்பியைப் பாத்தீங்களா முதலாளி?" என்று டோரீன் என் காதருகே கிசுகிசுத்தார். "அந்தம்மா ஒரு வாரத்துக்குப் போகலை. மொத்தமா போறாங்க."

நான் பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கால் வந்தது, இன்னொன்று வரவில்லை. எந்த வழக்காக இருந்தாலும் நான் உள்ளே நுழைகிற லட்சணம் இதுதான்.

என் பெயர் நீல்ஸ் ஹாக்லண்ட். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற டுலூத்தில், தூண்டில் புழு விற்கிற கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறேன். வழக்குகள் குறைவு என்பதால் மாலை வகுப்பில் சேர்ந்து வீட்டு ஹீட்டர் பழுதுபார்க்கவும் கற்று வருகிறேன். டோரீன் என் உதவியாளர். பல வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பின்னிருக்கையில் எவன் எதை ஒளித்தாலும் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடித்துப் பழகியவர். வயதில் என்னைப் போல் இரண்டு மடங்கு. அவர் என்னை 'முதலாளி' என்று அழைப்பது மரியாதைக்காக இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எங்களை வரவழைத்தவர் அர்னி சல்மேலா. இரும்புத்தாது ஏற்றும் ரயில்களில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சு மட்டும் அரையடி.

"காபி?" என்றார்.

"வேண்டாங்க, எதுக்குச் சிரமம்."

"போட்டாச்சு."

"பரவால்லைங்க, இப்பதான் குடிச்சோம்."

"ஆறிடும்."

"அப்படின்னா ஒரு அரை கப்."

"பாத்தீங்களா கூத்தை?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இந்த ஊர்ல ஒரு வாய் காபி உள்ள போறதுக்குள்ள மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும். வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைங்களேன்!"

பெவர்லி ஒரு ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டர், அதற்கு மேல் அர்னியின் பழைய சட்டை என்று அடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அரிசோனாப் பாலைவனத்தில் பிறந்து வளர்ந்தவர். போன செப்டம்பரில்தான் அர்னியை மணந்தார். இருவருக்கும் இரண்டாவது கல்யாணம். இது பெவர்லியின் முதல் டுலூத் குளிர்காலம். கடைசியும் இதுவாகத்தான் இருக்கும் என்று அந்தத் தொப்பி சொன்னது.

"நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு வேன் வருது, டிடெக்டிவ் சார்" என்றார் பெவர்லி. "டூசான்ல என் தங்கச்சி ஜானெட் காத்துக்கிட்டிருக்கா. அதுக்குள்ள இந்த மனுஷன் யோக்கியர்னு நீங்க நிரூபிச்சா, பெட்டியைப் பிரிக்கிறேன். இல்லைன்னா வணக்கம்."

அர்னி தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

வழக்கு இதுதான். கூடத்துச் சுவரில் ஒரு புது தெர்மோஸ்டாட் இருக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டால் அதுவே ஹீட்டரை எரிய விடும், அணைக்கும். காலையில் அறுபத்தெட்டு, சாயங்காலம் எழுபது, படுத்தபின் அறுபத்திரண்டு, எல்லாம் ஃபாரன்ஹீட்டில். இந்த எண்களுக்காக இருவரும் மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரை நம்பாததால் அதைப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். நாலு எண் கொண்ட பூட்டு. முதல் இரண்டு எண் பெவர்லிக்கு மட்டும் தெரியும். கடைசி இரண்டு அர்னிக்கு மட்டும்.

"அணுகுண்டுக்குக்கூட இப்படித்தான் பூட்டு போடுவாங்களாம்" என்றார் டோரீன்.

"ஆனாலும் திங்கக்கிழமை, புதன்கிழமை சாயங்காலம் ஆனா வீடு ஐஸ்பெட்டி" என்றார் பெவர்லி. "திங்கள் இவர் மீன் பிடிக்கப் போவார். புதன் ஐஸ்மேல கல்லுருட்டுற அந்த ஆட்டம். ஆள் வெளிய இருக்கார், வீடு விறைச்சுப் போகுது. நான் போய்ப் பாத்தா இந்தப் பெட்டி எழுபத்து நாலுன்னு காட்டுது. சமையல்கட்டுல தொங்குற தெர்மாமீட்டர் அம்பத்தொன்பதுங்குது. நேத்தும் அதே கதை. அப்போ யார் பொய் சொல்றாங்க?"

"சமையல்கட்டு தெர்மாமீட்டர் பழசு" என்றார் அர்னி.

"நீயும்தான் பழசு. நான் குறை சொன்னேனா?" பெவர்லி என் பக்கம் திரும்பினார். "வாழ்க்கை பூரா ஒயரோட மல்லுக்கட்டின ஆளு. ஒரு பெட்டியைப் பொய் சொல்ல வைக்கிறது இவருக்குப் பெரிய விஷயமா? போன்லயே பண்றாரோ என்னவோ. குளிரை நான் தாங்கிக்குவேன் தம்பி. கட்டினவர் சிரிச்ச முகத்தோட ஏமாத்துறதைத் தாங்க மாட்டேன்."

"நான் தொடலை" என்றார் அர்னி.

"ஸ்வெட்டர் போட்டுக்கோன்னு மட்டும் சொன்னே."

"அது சொன்னேன்."

டோரீன் இருமினார். அது இருமல் இல்லை.

*

என் தெர்மாமீட்டரை அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு அருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டும் அறுபத்தெட்டு என்றன. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அறுபத்தெட்டு.

"இன்னிக்கு எல்லாரும் உண்மை பேசுறாங்க" என்றார் டோரீன். "போலீஸைப் பாத்ததும் திருந்திட்டாங்க போல."

அப்படியானால் கருவி கெட்டுப்போகவில்லை. சில நாட்களில் மட்டும் பொய் சொல்கிறது. சில நாட்களில் மட்டும் பொய் சொல்பவரைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்பது நினைவில்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை.

மெயின் பெட்டியில் ஹீட்டருக்கான மின்சாரத்தை அணைத்தேன். வகுப்பில் முதலில் சொல்லித் தருவது அதுதான். தெர்மோஸ்டாட்டின் முகத்தை மெதுவாக இழுத்தேன், கழன்று வந்தது. அர்னியின் வேலை அழகாக இருந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் எழுத்து ஒட்டி, திருகாணிகளை அளவாக முடுக்கி, ரசமட்டம் வைத்து நேராகப் பொருத்தியிருந்தார்.

"ஏன் சார் இந்த இடத்துல வச்சீங்க?" என்று கேட்டேன்.

"நடு" என்றார் அர்னி.

பெவர்லி விளக்கினார். கூடத்தின் ஒரு முனையில் அவருடைய தையல் அறை, மறுமுனையில் அர்னியின் அறை. யாருடைய அறைக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அர்னி டேப் பிடித்து அளந்து, சரிபாதியில் புள்ளி வைத்திருக்கிறார். பழைய தெர்மோஸ்டாட் சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்ததாம். இப்போது அங்கே ஒரு மூடித்தகடு மட்டும்.

ஒயர்கள் வந்த ஓட்டையைப் பார்த்தேன். விரல் நுழைகிற அகலம். அடைக்கவே இல்லை. பாடத்தில் வருகிற ஓட்டையேதான்!

"கண்டுபிடிச்சாச்சு!" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "இந்த ஓட்டை வழியா சுவருக்குள்ள இருக்கிற குளிர்காத்து நேரா கருவிமேல அடிக்குது. அதனாலதான் அது குழம்பிப் போய் வீட்டைக் குளிர விடுது. அர்னி சார் நிரபராதி!"

அர்னியின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. பெவர்லி கண்ணைச் சுருக்கினார்.

"முதலாளி" என்றார் டோரீன் மிக மென்மையாக. "அதுமேல குளிர்காத்து அடிச்சா, அதுக்கு என்ன தோணும்?"

"வீடு குளிருதுன்னு தோணும்."

"தோணினா என்ன பண்ணும்?"

"ஹீட்டரை எரிய…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"எரிய விடும். வீடு பொரிஞ்சு போகணும். இவங்க பனியன்ல உக்காந்திருக்கணும்."

பெவர்லி சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அர்னிகூட அதற்காக என்னை மன்னித்துவிட்டது போலத் தெரிந்தது.

மூக்குடைபட்டாலும் ஒன்று கிடைத்தது. என் யோசனையைத் தலைகீழாகப் பிடித்தால் சரியாக இருந்தது. அந்த ஓட்டை வழியே வருவது குளிர்காற்று இல்லை, சூடான காற்று. வீடு போதுமான அளவு சூடாகிவிட்டது என்று கருவி நம்புகிறது. ஹீட்டரை அணைத்துவிடுகிறது. வீடு விறைக்கிறது.

ஆனால் இந்த ஊரில், பிப்ரவரியில், சுவருக்குள் சூடு எங்கிருந்து வரும்?

சுவரைத் தட்டிப் பார்க்கக் குனிந்தபோது எதன் மேலோ தடுக்கினேன். அது உறுமியது.

"டியூக், நகரு" என்றார் பெவர்லி. கிழட்டு நாய், நகரவில்லை. "இவனுக்குன்னு சமையல்கட்டுல மெத்தை போட்டு வச்சிருக்கேன். அதை விட்டுட்டு இந்தச் சுவரோட முதுகை ஒட்டிக்கிட்டுப் படுப்பான்."

"தினமுமா?" என்றார் டோரீன்.

"இல்ல, எப்பவாவது…"

"திங்கள், புதன்?"

பெவர்லி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாய்க்கு நான் காலண்டர் மாட்டி வைக்கல."

டோரீன் என்னைப் பார்த்தார். நான் சுவரைத் தட்டினேன். பலகைக்குப் பின்னால் செங்கல்.

"புகைபோக்கி" என்றார் அர்னி. "கீழேருந்து வருது."

"ஹீட்டரோடதா?"

"ஹீட்டர் புகை பக்கவாட்டுக் குழாய்ல போயிடும். இது சௌனாவோடது."

"எப்பல்லாம் சௌனா அடுப்பு பத்த வைப்பீங்க?"

"சனிக்கிழமை." கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். "சனிக்கிழமை மட்டும்."

சனிக்கிழமை சௌனா ஆவிக்குளியலில் வெந்து சிவந்து வெளியே வருகிற யாருக்கும் வீடு ஐம்பதா எழுபதா என்று தெரியப்போவதில்லை. அது புரிந்தது. ஆனால் திங்களும் புதனும்?

"என்னைப் பாக்காதீங்க" என்றார் பெவர்லி. "அந்த அடுப்புக்குள்ள நான் காலை வச்சதே இல்ல. சனிக்கிழமை இவர் வேகறப்பகூட நான் கடைத்தெருவுக்குப் போயிடுவேன்."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். கல்யாண விருந்தன்று, தேவாலயக் கூடத்தில், எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி, "நான் கட்டிக்கிட்டது ஆளை, அவரோட அடுப்பை இல்ல. துணியில்லாம வேகறதுக்கு நான் கோழியா?" என்று பெவர்லி சொன்னதை ஊரே இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

*

நானும் டோரீனும் நிலவறைக்கு இறங்கினோம்.

சௌனா என்றால் மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறை. மூலையில் விறகடுப்பு, அதன் மேல் கற்கள். கல்லில் தண்ணீர் ஊற்றி, எழும்பும் ஆவியில் உட்கார்ந்து வியர்ப்பதற்காகவே எங்கள் ஊரில் பாதிப் பேர் வாரம் முழுக்க வேலை செய்கிறார்கள்.

"அடுப்புல சாம்பலே இல்ல" என்றேன். "சுத்தமா இருக்கு. சனிக்கிழமைக்கு அப்புறம் பத்த வைக்கல போலிருக்கு."

"முதலாளி, நீங்க சனிக்கிழமை சௌனா போவீங்கல்ல? முடிஞ்சதும் சாம்பல் அள்ளுவீங்களா?"

"இல்ல."

"உங்க அப்பா?"

"எங்க பரம்பரையிலேயே யாரும் அள்ளினதில்ல."

"அதைத்தான் சொல்றேன். இவ்வளவு சுத்தம் யாரோ ஒளிக்கிறாங்கன்னு அர்த்தம்."

அடுப்புக்கு ஒருபுறம் தடித்தடியான பிர்ச் மர விறகு. மறுபுறம் ஒரு கூடை. அதில் பென்சில் கனத்துக்குச் சீவிய சுள்ளிகள். மேலே உலர்ந்த பிர்ச் பட்டை, பூ அடுக்கியது போல. பச்சைக் குழந்தைகூடப் பற்றவைத்துவிடலாம்.

"பழக்கமில்லாத ஆளு பத்த வைக்கிறாங்க" என்றேன். "அவங்களே சீவி வச்சிருக்காங்க."

டோரீன் ஒரு சுள்ளியை எடுத்து முனையை விரலால் தடவிப் பார்த்தார். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் அதைத் திரும்பக் கூடையில் போட்டார். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

நிலவறையிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. திறந்தேன். முகத்தில் குளிர் அறைந்தது. செவ்வாய் இரவு பெய்த பனி, கணுக்கால் உயரத்துக்கு, யாரும் தொடாமல் கிடந்தது. யாரும் தொடாமல் என்று நான் நினைத்தது ஒரு நொடிதான்.

கதவிலிருந்து காலடித் தடங்கள் போயின. காலணித் தடம் இல்லை. ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால்.

"அர்னியோட கால் படகு மாதிரி" என்றார் டோரீன். "இது அவர் கால் இல்ல. சின்னக் கால்."

தடங்கள் வேலி வரை போயின. போகும்போது அடிக்கு அடி நெருக்கமாக, நடுவில் ஒரு இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடியும் நகர்ந்து. வேலியோரம் பனியில் ஒரு ஆள் மல்லாந்து விழுந்த பள்ளம். கைகள் இரண்டையும் மேலும் கீழும் வீசிய அடையாளம், சிறகு போல. அங்கிருந்து திரும்பி வந்த தடங்கள் ஒன்றுக்கொன்று கஜ தூரத்தில் இருந்தன.

"போகும்போது யோசிச்சு யோசிச்சு" என்றார் டோரீன். "வரும்போது பறந்து."

சௌனாவிலிருந்து நேராகப் பனியில் போய்ப் புரளுவது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்கிற பைத்தியக்காரத்தனம். அதை அரிசோனாக்காரர் ஒருவர் நேற்று, புதன்கிழமை, யாரும் பார்க்காதபோது செய்திருக்கிறார்.

இருவரும் கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் வராமல் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் அர்னி நிரபராதி. ஆனால் ஊர் முன்னால் அந்தப் பேச்சுப் பேசிய பெவர்லி இனி இந்த வீட்டில் தலைநிமிர்ந்து உட்காருவாரா? அவமானத்தில் வேன் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டால்?

"முதல்ல அவங்ககிட்டயே பேசுங்க" என்றார் டோரீன். "தனியா. மெதுவா. துப்பறியாம."

*

பெவர்லி தையல் அறையில் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கொல்லையில பனி நல்லா விழுந்திருக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

"அங்க போனியா?"

"போனேங்க."

"பாத்தியா?"

"சிறகு நல்லா வந்திருக்குங்க."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு விரலிடுக்கில் பேசினார்.

"டிசம்பர்ல ஒரு நாள். எலும்புக்குள்ள ஏறின குளிர் இறங்கவே மாட்டேன்னுது. இவர் வீட்ல இல்ல. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்து பாப்போம்னு போனேன். சத்தியமா சொல்றேன், ஊரை விட்டு வந்ததுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் முதல்முறையா எனக்குக் கைகால் இருக்கிறதே தெரிஞ்சுது. அப்புறம் விட முடியல."

"பனியில புரண்டது?"

"பாலைவனத்துப் பொண்ணுங்களால அது முடியாதுன்னு இவர் சொன்னார். முடியுமான்னு பாத்தேன். முடியுது."

புகைபோக்கியைப் பற்றி, ஓட்டையைப் பற்றி, கருவி ஏன் பொய் சொன்னது என்பதைப் பற்றிச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்போ வீட்டைக் குளிரப் பண்ணினது நான்தானா? இத்தனை நாள் நான் அவரைத் திட்டினது…"

"ஆமாங்க."

"கடவுளே!" எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "அவர்கிட்ட சொல்லிடாதே. சத்தியம் பண்ணு. சொன்னா ஒரு வார்த்தை பேச மாட்டார், அந்தக் காபிக் கோப்பைக்குள்ள பாத்துச் சிரிப்பார். அதை வாழ்நாள் பூரா பாக்கிறதுக்கு டூசான்லயே இருந்துக்கிறேன்."

சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்வது? வெளியே வந்தபோது வழக்கு முடிந்திருந்தது, ஆனால் சொல்ல முடியாத இடத்தில்.

"கருவியைச் சாப்பாட்டு அறைக்கு மாத்துங்க" என்றார் டோரீன். "பழைய ஒயர் அங்கதானே இருக்கு. அதுக்கு நிலவறையில ஹீட்டர்ல ஒயரை மாத்திக் கொடுக்கணும்ல? அர்னியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஹீட்டர் பக்கத்துல நின்னே பேசுங்க, அங்கதான் கதகதப்பா இருக்கும்."

"ஹீட்டரைத்தான் அணைச்சு வச்சிருக்கேனே."

"போங்க முதலாளி."

*

நிலவறையில் ஹீட்டர் ஓசையில்லாமல் நின்றது. அதன் தலையிலிருந்து தகரக் குழாய்கள் எல்லா அறைகளுக்கும் கிளை பிரிந்து போயின. அர்னி டார்ச் பிடித்தார்; நான் ஒயரை மாற்றினேன்.

"சுவர்ல இருந்த ஓட்டைதான் காரணம்" என்றேன் கவனமாக. "புகைபோக்கிச் சூடு உள்ள வந்து கருவியை ஏமாத்திடுச்சு. நீங்க நிரபராதி."

"சரி."

"சனிக்கிழமைச் சூடு… அப்படியே தங்கி… திங்கள், புதன்னு…" என் பொய் எனக்கே நொண்டியது.

அர்னி டார்ச்சை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ரெண்டு மணிக்குப் பத்த வைப்பா" என்றார்.

திருகாணி என் கையிலிருந்து விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தச் சுள்ளியெல்லாம் யார் சீவினதுன்னு நினைச்ச? முதல்ல தடி விறகோட மல்லாடி வீடெல்லாம் புகையாக்கிட்டா. அதனால சன்னமா சீவி, பட்டையையும் மேல போட்டு வச்சேன். தானா அமைஞ்சதுன்னு நினைச்சிருப்பா."

"நீங்க வெளிய போற நாளாப் பாத்துத்தானே…"

"மீனெல்லாம் மதியத்தோட நின்னுடும். கல் ஆட்டமும் சீக்கிரம் முடிஞ்சிடும். தெருமுனையில வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். புகைபோக்கியில புகை நிக்கிற வரைக்கும். நடுவுல வந்தா பாவம், பயந்துடுவா."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"ஏன் சார், என்னைக் கூப்பிட்டீங்களே, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? வழக்கோட முக்கியத் தடயமே இதுதானே!"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்னு எனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்தச் சுவரையே இடிச்சிருப்பேன்." தரையில் விழுந்த திருகாணியை எடுத்து என் கையில் வைத்தார். "தவிர, நீயும் கேக்கல."

"ஏமாத்துக்காரன்னு உங்களைத் திட்டினாங்களே. போயிடுவேன்னு பெட்டி கட்டிட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டுச் சௌனாவை விட்டுடுவா." டார்ச்சை மறுபடி ஒயர் பக்கம் திருப்பினார். "இந்த ஊர்ல அவளுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான், நீல்ஸ். அதையும் எப்படிப் பிடுங்குறது?"

நான் திருகாணியை முடுக்கக் குனிந்தேன். நல்லவேளையாகப் பதில் சொல்ல வேறொருவர் இருந்தார்.

"அர்னி!"

குரல் மேலிருந்து வரவில்லை. ஹீட்டருக்குள்ளிருந்து வந்தது. தகரக் குழாய் வழியே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"அர்னி! வண்டியில எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

அர்னி ஹீட்டரை வெறித்துப் பார்த்தார். பிறகு அதன் பக்கம் லேசாகக் குனிந்து பதில் சொன்னார்.

"கொஞ்ச நேரம்."

"இஞ்சினை ஓட விட்டா?"

"அணைச்சுட்டுத்தான். புகை தெரிஞ்சா நீ பாத்துடுவே."

குழாய்க்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மடையா" என்றது பிறகு. "மேல வா. காபி போட்டிருக்கேன். மரியாதையா முதல் தடவையே வேணும்னு சொல்லணும்."

நான் மேலே போனபோது டோரீன் சமையலறையில், சூடான காற்று வருகிற தரைக் கம்பிவலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெவர்லி அந்த வலைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார், மூக்கு சிவந்திருந்தது.

"ஹீட்டர் ஓடலைன்னா இந்தக் குழாய்ல குண்டூசி விழுந்தாலும் கேக்கும்" என்றார் டோரீன் என்னிடம், ஒன்றும் அறியாதவர் போல. "உங்க வகுப்புல இது வரலையா முதலாளி?"

"நான் சத்தியம் பண்ணியிருந்தேன்!"

"நீங்க எங்க சொன்னீங்க? சொன்னது அவரு. அந்தச் சுள்ளியில இருந்தது முப்பது வருஷம் கோடாலி பிடிச்ச கையோட வெட்டு. தையல்காரம்மாவால அப்படிச் சீவ முடியாது."

*

சாப்பாட்டு அறையில், வெயில் படாத, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத உட்சுவரில் தெர்மோஸ்டாட்டை மாட்டினேன். இந்தத் தடவை ஒயருக்குப் பின்னால் இருந்த ஓட்டையை இறுக்க அடைத்தேன். மின்சாரத்தைப் போட்டதும் கீழே ஹீட்டர் பெருமூச்சு விட்டு எழுந்தது. நாட்களையும் நேரங்களையும் பழையபடி ஏற்றினேன்.

"பூட்டணுங்களா?" என்று கேட்டேன்.

அர்னி பெவர்லியைப் பார்த்தார். பெவர்லி அர்னியைப் பார்த்தார்.

"எழுபதுன்னு நான் கேட்டது கொஞ்சம் அதிகம்தான்" என்றார் பெவர்லி. "அறுபத்தொன்பது."

"எழுபதே இருக்கட்டும்" என்றார் அர்னி.

"அறுபத்தொன்பதுன்னு சொல்றேன்ல!"

"எழுபது."

"முதலாளி, வாங்க போயிடலாம்" என்றார் டோரீன். "அடுத்த சண்டைக்கு நாம பொறுப்பில்ல."

வெளியே வேன் ஒலி எழுப்பியது. அர்னியின் பார்வை வாசலுக்குப் போனது. காதால் என்ன கேட்டிருந்தாலும், அந்தப் பெட்டிகள் இன்னும் அங்கேதான் நின்றிருந்தன. பெவர்லி கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து ஓட்டுநரைப் பார்த்து, போய்விடு என்று கையை வீசினார். வேன் பனியை அரைத்துக்கொண்டு கிளம்பியது. அர்னி இரண்டு பெட்டிகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு, யாராவது மனதை மாற்றிக்கொள்வதற்குள் என்பது போல, வேகமாக உள்ளே நடந்தார்.

பெவர்லி போனைக் காதில் வைத்தார்.

"ஜானெட், நான் வரலடி… இல்ல, ஒண்ணும் ஆகல… நல்லாத்தான் இருக்கேன்… என்னது, அங்க எழுபத்தஞ்சு டிகிரியா?"

அவர் திரும்பி, நிலவறைப் படியில் சுள்ளிக் கூடையோடு தயங்கி நின்ற அர்னியைப் பார்த்தார்.

"வெறும் எழுபத்தஞ்சா? ஐயோ பாவம். எங்க வீட்ல இன்னும் ஒரு மணி நேரத்துல நூத்தி எண்பது."